வெயில் காலத்தில் லேயர் (முட்டையிடும்) கோழிக்கு விற்கிற டப்பாக்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பங்குனி பிறந்தால் போதும், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பண்ணை வைத்திருப்பவர் வீட்டு வாசலில் பைக் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். எல்லாம் மருந்துக் கம்பெனி ரெப்கள், அதாவது விற்பனைப் பிரதிநிதிகள். பையைத் திறந்தால் எலக்ட்ரோலைட் (தண்ணீரில் கலக்கும் உப்புச் சத்துக் கலவை), விட்டமின் சி, பீட்டைன், லிவர் டானிக், ‘கூல்’ என்றோ ‘ஐஸ்’ என்றோ பெயர் வைத்த ஒரு பச்சைத் திரவம், அப்புறம் இப்போது இரண்டு மூன்று வருடமாக அமோனியா வாடைக்கு என்று தனியாக ஒரு பவுடர். எல்லாவற்றையும் வாங்கிப் போட்டால் முட்டைக்கு இத்தனை பைசா கூடும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். வெவ்வேறு கோடைகளில் இதில் பெரும்பாலானதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனிப் பெயர் எதையும் எழுதப் போவதில்லை. ஒரே சரக்கு நாலு லேபிளில் வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எங்களுடையது பழைய மாதிரி திறந்த ஷெட், உயரத்தில் கூண்டு, அடியில் எரு, பிவி 300 ரக முட்டைக் கோழி, தீவனம் சொந்த மில்லில் அரைப்பது. பேட் (காற்றைக் குளிர்விக்கும் ஈர அட்டை) வைத்த மூடிய ஷெட்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வெக்கைக்கு விற்கிற சாமான்களில் பாதி கோழியைத் தண்ணீர் குடிக்க வைத்துத்தான் வேலை செய்கின்றன. குடித்த தண்ணீர் எச்சத்தில்தான் வரும். எரு நனைந்தால் அமோனியா. அதனால் ஒரு டப்பாவை வாங்கும்போது இது வெயிலுக்கு என்ன செய்யும் என்று கேட்பதோடு எருவை என்ன செய்யும் என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு இதுவரை எந்த ரெப்பும் தானாக வாய் திறந்து பதில் சொன்னதில்லை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, அதனால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டுக்குள் போனால் மொத்த ஷெட்டும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு கழுத்தை நீட்டி நிற்கும். அந்த வேகத்தில் மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும், ரத்தம் காரமாகும். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருள் கரியமில வாயுதான், அதைத்தான் கோழி ஊதித் தள்ளிவிட்டது. போதாக்குறைக்கு ரத்தம் காரமானால் ஓட்டுக்குப் பயன்படும் நிலையில் இருக்கிற கால்சியமும் குறையும். அதனால்தான் சித்திரையில் ஓடில்லாத தோல்முட்டையும் கீறல் முட்டையும் கூடுகின்றன. ‘தீவனத்தில் கல்லு போதவில்லை’ என்று மேலும் மேலும் சுண்ணாம்புக் கல் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் என் பட்டியலில் முதலிடம் சோடா உப்புக்கு. சோடியம் பைகார்பனேட். கம்பெனிக்காரர்கள் யாரும் இதை விற்க வருவதில்லை, ஏனென்றால் விலை மலிவு, அதில் அவர்களுக்கு ஒன்றும் நிற்காது. ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட்டும் கிடைக்கிறது, உப்பில் வருகிற குளோரைடு ஏறாமல் சோடியமும் கிடைக்கிறது. ஆனால் இருக்கிற உப்போடு சேர்த்துக் கொட்டக் கூடாது, உப்பைக் குறைத்துவிட்டுப் போட வேண்டும். உப்பில் சோடியம் 39 சதவீதம், சோடா உப்பில் 27 சதவீதம், ஆகவே தீவனம் டன்னுக்கு 1 கிலோ உப்பை எடுத்தால் ஏறக்குறைய 1.4 கிலோ சோடா உப்பு போட்டால் சோடியம் சரிக்குச் சரி வந்துவிடும். தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் அதில் வருகிற உப்பையும் கணக்கில் எடுங்கள், சில சரக்கில் மீனைவிட உப்பு அதிகம். சோடியம் தாண்டினால் எச்சம் தண்ணியாகப் போகும், அப்புறம் அமோனியாவுக்கு ஒரு டப்பா வாங்க வேண்டி வரும்.

சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு வேண்டாம். கடினத் தண்ணீரில் அதைப் போட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளை அடைக்கும். வெயில் காலத்தில் அடைத்த நிப்பிள் என்றால் அந்தக் கூண்டில் சாவு நிச்சயம். தீவனத்திலேயே போடுங்கள்.

இரண்டாவது, கிளிஞ்சல். இதை மருந்து என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு முட்டை ஓட்டுக்குள் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஓடு உருவாவதில் பெரும்பங்கு ராத்திரியில், கோழி ஒன்றும் தின்னாத நேரத்தில். பவுடர் கல்லு சீக்கிரமே கரைந்து போய்விடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கிற கிளிஞ்சலோ உடைகல்லோ இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்க மெதுவாகக் கரையும். மொத்தக் கால்சியத்தைக் கூட்டாமல் அதில் பாதியாவது இப்படிப் பருமனாக இருக்கட்டும், அதையும் சாயங்காலத் தீவனத்தில் கொடுங்கள். வித்தியாசம் கையில் தெரியும்: காலையில் முட்டை பொறுக்கும்போது ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், வெக்கை முட்டையில் ஓடு மெலிந்து இருக்கும், லேசாக அழுத்தினாலே உள்வாங்கும். சாயங்காலக் கிளிஞ்சலுக்கு மாறிய பிறகு எங்கள் ஷெட்டில் தட்டில் கசிகிற முட்டை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மண் கலந்த சரக்கு நிறைய வருகிறது.

விட்டமின் சி விஷயத்தில் சண்டை அதிகம். கோழி தன் சிறுநீரகத்திலேயே விட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும், ஆனால் கடும் வெயிலில் தேவைக்குப் போதாது, அப்போது வெளியிலிருந்து கொடுப்பது பலன் தருகிறது. தீவனத்தில் டன்னுக்கு 200 முதல் 250 கிராம். பொருள் நல்ல பொருள்தான், ஆனால் நாம் அதைக் கொடுக்கிற விதத்தில் பாதி வீணாகிறது. கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் நிற்கும், அதில் காலை பத்து மணிக்குக் கலக்குவார்கள், தண்ணீரில் குளோரின் வேறு இருக்கும். குளோரின் விட்டமின் சி-யைத் தின்றுவிடும், சூடு மிச்சத்தைத் தின்றுவிடும். மதியம் டேங்க்கில் இருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், வெள்ளையாக இருந்த தண்ணீர் லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் அதில் இருந்தது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் கொடுப்பதென்றால் விடியற்காலை, குளோரின் போடாத தண்ணீரில், இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவு. தீவனத்தில் என்றால் பூச்சுப் போட்ட வகை வாங்குங்கள். பூச்சில்லாத பவுடர், பிரிமிக்ஸில் (விட்டமினும் தாதுவும் சேர்ந்த முன்கலவை) இருக்கும் செம்போடும் இரும்போடும் சேர்ந்து மூட்டையிலேயே செத்துப்போகும்.

இன்னொரு கூத்து, விட்டமின் சி-யையும் சோடா உப்பு கலந்த எலக்ட்ரோலைட்டையும் ஒரே வாளியில் கொட்டுவது. புஸ்ஸென்று நுரை பொங்கும். ‘மருந்து வீரியமா இருக்குதுங்க’ என்று எங்கள் ஆள் ஒருவர் சந்தோஷப்பட்டார். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கிற நுரை அது. கோழிக்குப் போய்ச் சேர்வது குறைவு.

எலக்ட்ரோலைட் பாக்கெட்டுகள்: பின்னால் இருக்கிற எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், படிக்க முடியாதபடி பொடி எழுத்தில் போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். பலவற்றில் முதல் பொருள் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை. வெயிலில் கோழி பொட்டாசியத்தை அதிகமாக இழக்கும், ஆகவே பொட்டாசியம் குளோரைடு எவ்வளவு என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு கம்பெனியின் பாக்கெட்டில் சத்துகளின் பெயர் மட்டும் வரிசையாக இருந்தது, எதற்கும் அளவு இல்லை. ரெப்பிடம் கேட்டேன்.

“உள்ள எவ்வளவுங்க பொட்டாசியம்?”

“அது கம்பெனி பார்முலாங்கண்ணா, வெளிய சொல்லமாட்டாங்க. ஆனா ரிசல்ட்டு பாருங்க.”

அந்தப் பாக்கெட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எலக்ட்ரோலைட் தேவைதான், வெப்பம் உச்சத்துக்குப் போகிற நாட்களில், பகலில் சில மணி நேரம் மட்டும். கத்திரி முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் அப்படி ஓட்டி, கூண்டுக்கு அடியில் எரு குவியல் குவியலாக உட்காராமல் கூழாகப் பரவி, ஷெட்டுக்குள் நுழைந்தால் கண் எரிகிற நிலைக்கு வந்தது. அந்தக் கோழிகள் வெயிலில் சாகவில்லை. அதற்குப் பின் வந்த சளியில் முட்டை இறங்கியது.

பீட்டைன் பற்றி நல்ல அபிப்பிராயம்தான். செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், குடலைக் காக்கும், அதிகம் குடிக்க வைத்து வேலை செய்கிற ரகம் இல்லை, ஆகவே எருவுக்குப் பாதகமில்லை. ஆனால் இரண்டு ரகம் வருகிறது என்று கடைக்காரர்கள் சொல்வதில்லை. பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு என்றால் அதில் பீட்டைன் 76 சதவீதம்தான், மிச்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோடா உப்பு போட்டுக் குளோரைடைக் குறைக்கப் பாடுபடுகிறவர் பின்வாசல் வழியாக அதையே உள்ளே விடுகிறார். ‘அன்ஹைட்ரஸ்’ என்று எழுதியிருக்கிற, அந்த அமிலம் சேராத இன்னொரு ரகம் விலை கூட, சுத்தமான பீட்டைன் கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் குறைந்துவிடும். பெரிய அற்புதம் எதிர்பார்க்காதீர்கள், மக்காச்சோளம் விலை ஏறிக் கிடக்கிற வருடத்தில் பட்ஜெட் இழுத்தால் நான் முதலில் வெட்டுவது இதைத்தான்.

விட்டமின் ஈ, செலினியம் ஜோடிக்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது, ஆனால் வெப்பத்துக்கு நல்ல பலன் தெரிந்த அளவு கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம் என்கிறார்கள், அந்த அளவில் போட்டால் கட்டுப்படியாகாது. சாதாரணப் பிரிமிக்ஸில் இருப்பது அதில் ஒரு துளி. தீவனத்தில் எண்ணெய் சேர்ப்பவர்கள், எண்ணெய் வெயிலில் காறிப்போகாமல் இருப்பதற்காகவாவது கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

எண்ணெய் என்றதும் சொல்ல வேண்டும், வெயில், ஷெட் காற்று இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உதவுகிற ஒரே பொருள் என் கணக்கில் அதுதான். 40 டிகிரி வெயிலில் 110 கிராம் தின்கிற கோழி 90-க்கு வந்துவிடும். மாவுச்சத்து செரிக்கும்போது உடம்பில் எழும் சூட்டைவிட எண்ணெயில் எழும் சூடு குறைவு, கொஞ்ச அளவிலேயே சக்தி கிடைக்கும். அரைத்த தீவனத்தின் தூசியையும் அது அடக்கிவிடும். கூலிக்கு வருகிற பெண்கள் தீவனம் கொட்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள், எண்ணெய் சேர்த்த நாளில் அந்தப் புழுதி எழாது. நம் ஆட்களுக்கு எழாத புழுதி கோழி நுரையீரலுக்கும் போகாது.

மூலிகைத் திரவங்களுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. நெல்லிக்காய், துளசி, அஸ்வகந்தா என்று போட்டிருப்பார்கள், கெடுதல் இல்லை, ஒரே கம்பெனியிலேயே பேட்ச்சுக்குப் பேட்ச் நிறமும் வாசனையும் மாறுகிறது. அதிகம் சாயம். லிவர் டானிக் கொழுத்த வயதான கோழிகளுக்குக் கொஞ்சம் உதவும், அதுவும் அதில் கோலின் என்கிற சத்து எவ்வளவு என்று பார்த்து வாங்கினால்.

இனி ஷெட் காற்று, அதாவது அமோனியா வாடை. யூக்கா சாறு இப்போது பெரிய ஃபேஷன். மெக்சிகோ, அமெரிக்கா பக்கத்துப் பாலைவனச் செடி, தீவனத்தில் டன்னுக்கு நூறு கிராம் சொச்சம். எரு ஏற்கெனவே காய்ந்து குவிந்து உட்காருகிற ஷெட்டில் வாடை குறைந்ததை நானே உணர்ந்தேன். எரு ஈரமாக இருந்த ஷெட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதோடு, ஏற்கெனவே கீழே கிடக்கிற பழைய எரு அமோனியாவை விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆகவே ஒரு வாரம் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. ஜியோலைட் என்கிற கல் பவுடரை ஆய்வுகளில் தீவனத்தில் 1, 2 சதவீதம் என்று போடுகிறார்கள், நம்மிடம் விற்பவர்கள் டன்னுக்கு 1 கிலோ என்கிறார்கள். அது 0.1 சதவீதம். காசு மிச்சம் என்று சந்தோஷப்பட இதில் ஒன்றுமில்லை.

எருவின் மேல் சுண்ணாம்பு தூவுகிற பழக்கம் நம் பக்கம் எல்லாப் பண்ணையிலும் உண்டு. ஈப்புழுவுக்கும் ஈரத்துக்கும் நல்லதுதான். ஆனால் எரு காரமாக ஆக ஆக அதில் இருக்கும் அமோனியா வேகமாக வெளியே வரும். தூவின அன்றைக்கு வாடை தூக்குவது அதனால்தான். தூவுவதென்றால் காற்று நன்றாக அடிக்கிற நேரத்தில் தூவுங்கள், புழுக்கமான மத்தியானத்தில் வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் உரம் இதற்கு மாற்று, அது அமோனியாவைப் பிடித்து வைக்கும், எரு வாங்குகிற விவசாயியும் சந்தோஷப்படுவார்.

வாடையை அளக்க நம் மூக்கை நம்பக் கூடாது, பத்து நிமிடத்தில் பழகிவிடும். அமோனியா பட்டை என்று கடுகு நிறத்தில் காகிதப் பட்டை விற்கிறார்கள், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு நனைத்துக் காற்றில் காட்டினால் நிறம் மாறும். இந்த மொத்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகம் உபயோகமானது அதுதான் என்பேன். நாம் நிற்கிற உயரத்தில் பிடிக்காமல் குனிந்து கீழ் வரிசைக் கூண்டு மட்டத்தில் பிடிக்க வேண்டும். 25 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் காட்டினால் மூச்சுக்குழாயில் இருக்கிற நுண்ணிய முடிகள் வேலை செய்யாது, சளியும் ஈகோலை கிருமியும் உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும். பட்டை இல்லையென்றால் கீழ் வரிசையில் ஒரு கோழியின் முகத்தை உற்றுப் பாருங்கள்: ஒரு கண்ணைப் பாதி மூடி, ஓரத்தில் சின்ன நுரையோடு, தலையைத் திருப்பித் தோள் இறகில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு பட்டை தேவையில்லை. யூகலிப்டஸ், மென்தால் சொட்டு மருந்து தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான், காற்றை அது மாற்றாது.

அமோனியாவுக்கு உண்மையான தீவன மருந்து ஒன்று உண்டு, யாரும் அதை டப்பாவில் அடைத்து விற்பதில்லை: சோயா புண்ணாக்கைக் குறைத்து, மெத்தியோனின், லைசின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்ப்பது. கோழி பயன்படுத்தாத புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் விழுந்து, அதிலிருந்துதான் அமோனியா கிளம்புகிறது. தேவைக்கு மேல் புரதம் செரிப்பதில் சூடும் கூடும். வெயிலில் தீனி குறைவதால் ‘சோயாவைக் கூட்டு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள், கூட்ட வேண்டியது அமினோ அமிலத்தைத்தான். பார்முலாவை நீங்களாக மாற்றாமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நம்பகமான தீவன ஆலோசகரிடமோ போட்டு வாங்குங்கள். அந்தக் கல்லூரியின் வானிலை மையம் பண்ணையாளர்களுக்கு விடுகிற அறிக்கை பேப்பரில் வருகிறது, வெப்ப அயற்சியால் கோழி இறந்திருக்கிறதா என்பதும் தீவனத்தில் என்ன செய்யலாம் என்பதும் அதில் இருக்கும், இலவசம். ரெப் சொல்வதைக் கேட்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

இதெல்லாம் போட்டும் கூரையில் தெளிப்பான் ஓடாமல், பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை தீவனத்தை நிறுத்தாமல், டேங்க்குக்கு நிழல் போடாமல் இருந்தால் எந்த டப்பாவுக்கும் மார்க் போட முடியாது. அதே மாதிரி மேகம் மூடிப் புழுங்குகிற நாளில் பனி மாதிரி தண்ணீர் தூவுகிற ஃபாகரை விடாமல் ஓட்டினால் கோழிக்கு மூச்சு இன்னும் திணறும், எருவும் நனையும். அன்றைக்குக் காற்றாடிதான்.

கடை பற்றி இரண்டு வார்த்தை. கோடை தொடங்கும்போது போன வருடத்துச் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள், விட்டமின் சரக்கில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள், காலாவதித் தேதி மட்டும் போதாது, ஏனென்றால் தகரக் கூரை குடோனில் ஒரு கோடை முழுக்க வெந்த டப்பாவுக்கும் லேபிளில் அதே தேதிதான். பத்து கிலோ வாளி வாங்கினால் ஒரு கிலோ இலவசம் என்பார்கள், பிரித்த வாளியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். முதல் முறை சின்னப் பாக்கெட் கேளுங்கள், ஒரே ஷெட்டில் போட்டு மற்ற ஷெட்டோடு கீறல் முட்டையை ஒப்பிட்டுப் பாருங்கள். கடனுக்குத் தருகிற டீலரிடம் விலை எப்போதும் கூடத்தான். சோடா உப்பு, கிளிஞ்சல், பொட்டாசியம் குளோரைடு இவற்றை மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்து மாசி முடிவதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள், சித்திரையில் எல்லோரும் ஓடும்போது மூட்டைக்கு விலை ஏற்றிவிடுகிறார்கள்.